ஒளியின் இயல்பு

உலகிலுள்ள பொருள்களையெல்லாம் கண்ணுக்குக் காட்டுவது ஒளி. ஆயினும், தான் எத்தகையது என்பதை அது எளிதிற் காட்டுவதில்லை. பௌதிகம் பயிலும் மாணவர் பலர், ‘ஒளி அலை இயல்புடையது’ என்னும் தொடரை நெட்டுருச் செய்து தேர்வில் எழுதிவிடுகின்றனர். அஃது அலையென்று துணிந்தவர் யாவர், எச்சான்று கொண்டு துணிந்தனர் என்று வினவினால் விடையின்றி நிற்கின்றனர். சான்றறியாமல் ஏற்றுக்கொண்ட உண்மை இரவல் நகையைப் போன்றது. அணிந்தவர்க்கு அழகு தரலாமேயன்றி, அவருக்கு உடைமையாகாது. ஒளியலைக் கொள்கை நிலைபெற்ற வரலாறு இதனைத் தெளிவாக்கும்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஒளியைப் பற்றி இரு கொள்கைகள் நிலவின. டச்சு நாட்டு அறிஞர் ஹைகன்ஸ், 1690-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில், ஒலியைப்போல ஒளியும் அலையாகவே பரவுகின்றது என்றார். இங்கிலாந்து நாட்டு நியூட்டனோ, ஒளிவிடும் பொருளிலிருந்து நுண்ணிய துகள்கள் நேர்க்கோட்டில் பாய்ந்து வருகின்றன என்று கருதினார். அவருடைய ஒளிநூல் 1704-இல் வெளிவந்தது.

நியூட்டன் காரணமின்றி இவ்வாறு கருதினார் அல்லர். சுவருக்கு அப்பால் நிற்பவர் அழைத்தால் அவர் குரல் வளைந்து வந்து செவியில் விழுகின்றது. அவர் உருவமோ தெரிவதில்லை. ஒளியும் அலையாயின், அதுவும் ஒலியைப்போல வளைந்து வரவேண்டுமன்றோ? இவ்வினாவிற்கு அக்காலத்தார் தக்க விடை காணவில்லை. நிழலின் ஓரத்தில் ஒளி சிறிது விலகிப் பரவுவதை இத்தாலிய அறிஞர் கிரிமால்டி கண்டு எழுதிய நூல் 1665-ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருந்தும், அச்சான்று உரிய மதிப்பைப் பெறவில்லை. ஈர்ப்பு விதியைக் கண்ட பேரறிஞரின் கருத்து என்பதனாலேயே துகட்கொள்கை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அறிஞர் பலரால் போற்றப்பட்டது.

அந்நிலையை மாற்ற முற்பட்டவர், இலண்டன் மாநகரில் மருத்துவராக விளங்கிய தாமஸ் யங் என்பவர். குளத்தில் இரண்டு கற்களை அருகருகே எறிந்தால் இருவேறு அலைகள் எழுந்து பரவும். ஓர் அலையின் முகடும் மற்றதன் முகடும் கூடுமிடத்தில் நீர் மிக உயரும். ஒன்றன் முகடும் மற்றதன் அகடும் கூடுமிடத்தில் நீர் அசைவற்றிருக்கும். ஒளி அலையானால் அதற்கும் இது பொருந்துதல் வேண்டும்; அஃதாவது, ஒளியும் ஒளியும் கூடுமிடத்தில் இருள் தோன்றுதல் வேண்டும்! இக்கருத்தை யங் 1801-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1803-இல் அதனைச் சோதனையாலும் காட்டினார். பலகணித் திரையிலிட்ட சிறு துளையின் வழியே வந்த கதிரவன் ஒளியில், ஓர் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள அட்டைத் துண்டை நிறுத்தினார். அதன் நிழலுக்குள்ளே ஒளிக் கோடுகளும் இருட் கோடுகளும் மாறிமாறித் தோன்றின. அட்டையின் ஒரு புறத்து ஒளியை மட்டும் மறைத்தவுடன் அக்கோடுகள் நீங்கின. துகளோடு துகள் சேர்ந்தால் மிகுமேயன்றி இல்லையாகாது. ஆதலின் துகட்கொள்கையால் இதனை எளிதில் விளக்க இயலவில்லை.

இதற்கு அவர் பெற்ற பரிசு ஏளனமே. நியூட்டனை மறுக்கத் துணிந்தார் என்று எடின்பரோ நகரத்து இதழொன்று அவரைக் கடுமையாகத் தாக்கியது. யங் விடையாக அச்சிட்ட சிறு நூலில் ஒரே ஒரு படிதான் விற்றது என்பர்.

பின்னர், பிரான்சு நாட்டில் சாலைகள் அமைக்கும் பொறியாளராக இருந்த பிரெனல், அலைக்கொள்கையைக் கணிதத்தால் வலியுறுத்தி, 1818-இல் அந்நாட்டு அறிவியற் கழகத்தின் போட்டிக்குக் கட்டுரை விடுத்தார். நடுவருள் ஒருவராகிய புவாசோன் துகட்கொள்கையினர். அவர் அக்கணக்கை ஆராய்ந்து, ‘இது மெய்யாயின், வட்டமான தட்டின் நிழலுக்கு நட்டநடுவில் ஒளிப்புள்ளி ஒன்று தோன்றவேண்டும், அஃது எங்ஙனம் இயலும்?’ என்று மறுத்தார். மற்றொரு நடுவராகிய அராகோ அதனைச் சோதித்துப் பார்த்தார். நிழலின் நடுவே ஒளிப்புள்ளி சுடர்விட்டது! மறுப்பதற்கு எடுத்த கருவியே சான்றாயிற்று. 1819-இல் பரிசு பிரெனலுக்கு வழங்கப்பெற்றது.

நியூட்டன் எழுப்பிய வினாவிற்கும் விடை கிடைத்தது. அலையின் நீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவுள்ள தடையையோ துளையையோ அடையும்போதுதான் வளைவு நன்கு புலப்படும். மனிதர் குரலில் ஒலியலையின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவினது. செவ்வொளியின் அலைநீளமோ ஏறத்தாழ 0.0007 மில்லிமீட்டர், ஊதா ஒளியினது ஏறத்தாழ 0.0004 மில்லிமீட்டர். இத்துணைச் சிறிய அலை, சுவரை வளைத்துக்கொண்டு வருவது கண்ணுக்குப் புலனாகாமையில் வியப்பில்லை.

ஆகவே, இப்பாடத்தை விதியிலிருந்து தொடங்காமல் காட்சியிலிருந்து தொடங்குவதே முறையாகும். இரு விரல்களை நெருக்கி, இடையே மயிரிழையளவு இடைவெளி விட்டு, கண்ணருகே வைத்துத் தொலைவிலுள்ள விளக்கை நோக்கினால், அவ்விடைவெளியில் மெல்லிய கருங்கோடுகள் தென்படும். விளக்குப் புகை படிந்த கண்ணாடியில் ஊசியால் நெருக்கமாக இரு கோடுகள் கீறியும் யங் கண்ட காட்சியைக் காண முயலலாம். கதிரவனை மட்டும் ஒருபோதும் நேரே நோக்கலாகாது. ‘தேர்வுக்கே காலம் போதவில்லை, சோதனைக்கு ஏது காலம்?’ என்பார் உளர். ஒருமுறை கண்ணாற் கண்டது பன்முறை நெட்டுருச் செய்ததினும் நெடிது நிற்கும். ஆதலின் அவ்வாறு செலவிட்ட காலம் வீணன்று.

சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராயிருந்த சி. வி. இராமன், நீள்சதுரத் துளையின் வழியே சாய்வாகச் செல்லும் ஒளியால் தோன்றும் பட்டைகள் இருபுறமும் ஒத்திராமையைக் கண்டார். அதனை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1906-இல் இலண்டன் ஆய்விதழில் வெளிவந்தது. கல்லூரிச் சாலையிலிருந்த கருவியே அவருக்குப் போதியதாயிற்று; உற்று நோக்கும் கண்ணே பெருங்கருவியாயிற்று.

அலைக்கொள்கையும் ஒளியின் இயல்பை முற்றக் கூறிவிடவில்லை. 1905-இல் ஐன்ஸ்டைன், சில நிகழ்ச்சிகளில் ஒளி ஆற்றற் சிப்பங்களாகவே செயற்படுகின்றது என்றார். பின்னர் வந்த சோதனைகள் அதனை உறுதி செய்தன. ஒளி அலையின் தன்மையும் துகளின் தன்மையும் காட்டுவது என்பதே இன்றைய அறிவு. நியூட்டனின் புகழ் அலையைத் தடுத்துவிடவில்லை. அலைக்கொள்கையின் வெற்றி ஐன்ஸ்டைனைத் தடுக்கவில்லை. பெரியோரைப் போற்றுதல் மாணவர் கடன். அவர் கூறியதனைச் சோதித்துத் தெளிதலும் அக்கடனில் அடங்கியதே.