அறியாமை அல்ல, அலட்சியம்

“1988 வரை கணினி உலகம் வெள்ளந்தியாக இருந்தது, இணையத்தில் தானே பரவிய மோரிஸ் புழு என்ற நிரல் வந்துதான் ஆபத்தைக் கற்றுக்கொடுத்தது” என்று வாதிடுகிறார் நண்பர். கேட்க இதமான கதை. ஆவணங்கள் வேறு சொல்கின்றன.

1966-லேயே எம்.ஐ.டி.யின் சி.டி.எஸ்.எஸ். என்ற பகிர்வுக் கணினியில், அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக அத்தனை பேரின் கடவுச்சொற்களும் எல்லோருக்கும் அச்சாகி வந்தன. 1970-இல் வில்லிஸ் வேர் தலைமையிலான நிபுணர் குழு பகிர்வுக் கணினிகளின் ஓட்டைகளை அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு எழுதிக் கொடுத்தது. (அதை ரகசியம் என்று 1975 வரை பூட்டிவைத்தார்கள், அது தனி வேடிக்கை.) நினைவக முகவரிகளைச் சரிபார்க்காத நிரல் வழியே அந்நியக் கட்டளைகளைப் புகுத்திக் கணினியையே கைப்பற்றலாம் என்றது 1972-இன் ஆண்டர்சன் அறிக்கை. பதினாறு ஆண்டுகள் கழித்தும் அதே வகை ஓட்டை: யூனிக்ஸின் ‘ஃபிங்கர்’ சேவை உள்ளீட்டின் நீளத்தை அளக்கவே இல்லை. புழு நுழைந்த வாசல்களில் அதுவும் ஒன்று.

இன்னொரு வாசல், ஊகிக்க எளிதான கடவுச்சொற்கள். 1979-இல் பெல் ஆய்வகத்தின் இருவர் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்து, 86 சதவீதம் எளிதில் அகப்படுபவை என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். ஒருவர் கென் தாம்சன். மற்றவர் ராபர்ட் மோரிஸ்: புழுவை எழுதிய மாணவரின் தந்தை! புழு பரவியபோது தந்தை அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.யின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி. தந்தை அச்சில் எச்சரித்ததை மகன் ஓட்டிக் காட்டினார், அவ்வளவுதான்.

புழு பரவிய மாதமே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அவசர உதவிக் குழு உருவானதற்குப் புழுவே காரணம், மறுக்கவில்லை. புழு அதற்குப் பணம் ஒதுக்க வைத்ததைப் பாடம் நடத்தியதாக நண்பர் எழுதுவதைத்தான் மறுக்கிறேன்.