பிழைக்குச் சாட்சி

நுழையும்முன்

கணினி நிரலில் பிழை நேர்வது புதுமையன்று. அப்பிழையை எவ்வாறு தேடுகின்றனர், யாருடைய சொல்லை நம்பித் தேடுகின்றனர் என்பதே கருதத்தக்கது. மருத்துவக் கருவி ஒன்றிலும் செவ்வாய்க் கோளில் இறங்கிய விண்கலம் ஒன்றிலும் ஒளிந்திருந்த பிழைகளை முன்வைத்து, அத்தேடலின் இயல்பை இப்பாடம் ஆராய்கிறது.

செயற்பிழை 54

1986ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் என்னும் நகரிலுள்ள புற்றுநோய் மருத்துவ மையத்தில், தெராக்-25 என்னும் கதிர்வீச்சுக் கருவியின் முன் அதனை இயக்கும் பெண் அமர்ந்திருந்தார். உள்ளறையில் இருந்த நோயாளிக்கு எலக்ட்ரான் கற்றையால் சிகிச்சை தரவேண்டும். பழக்கத்தின் விரைவில் அவர் எக்ஸ் கதிருக்குரிய எழுத்தை அழுத்திவிட்டார். தவற்றை உடனே உணர்ந்து, திரையில் மேலே சென்று அந்த ஓர் எழுத்தை மட்டும் திருத்தினார். ஏனைய விவரங்கள் சரியாக இருந்தமையால் விசையை அடுத்தடுத்துத் தட்டிக் கீழே வந்தார். கற்றையைச் செலுத்தியதும் கருவி நின்றது. 'செயற்பிழை 54' என்று திரை அறிவித்தது. அதன் பொருள் என்னவென்று இயக்குவோர் கையேட்டில் எங்கும் இல்லை. உரிய அளவினும் மிகக் குறைவாகவே கதிர் சென்றுள்ளதாகத் திரை காட்டியது. இவ்வாறு இடையில் நிற்பது அக்கருவிக்கு அன்றாட வழக்கம். ஆகவே அவர் தொடர்வதற்குரிய விசையை அழுத்தினார்.

உள்ளே இருந்தவரோ முதல் முறையிலேயே முதுகில் தீச்சுட்டதுபோல் உணர்ந்து எழ முயன்றுகொண்டிருந்தார். அந்நிலையில் இரண்டாம் கற்றையும் அவர்மீது பாய்ந்தது. அறையைக் காட்டும் காட்சித்திரையும் ஒலித்தொடர்பும் அன்று இயங்கவில்லை. திரை 'குறைவு' என்று சொன்ன அளவு, உண்மையில் உரியதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு எனப் பின்னர்க் கணக்கிடப்பட்டது. ஐந்து திங்களில் அவர் உயிர் நீத்தார்.

கருவியை உருவாக்கிய கனடா நாட்டு நிறுவனத்தின் பொறியாளர்கள் மறுநாள் வந்தனர். நாள் முழுவதும் சோதித்தும் செயற்பிழை 54 அவர்கள் கண்முன் ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அக்கருவி மிகையளவு கதிரைச் செலுத்துவதற்கு வாய்ப்பே இல்லை என்று அவர்கள் கூறினர். மின்னதிர்ச்சியாக இருக்கலாம் என்றும் கருதினர். மின்கோளாறு எதுவும் காணப்படாத நிலையில் ஏப்ரல் 7ஆம் நாள் கருவி மீண்டும் பணிக்கு வந்தது. ஏப்ரல் 11ஆம் நாள் அதே பெண் இயக்கியபோது அதே செய்தி மீண்டும் தோன்றியது. இம்முறை முகத்தில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தவர் மூன்று வாரத்தில் இறந்தார்.

எட்டு நொடி

அம்மையத்தின் இயற்பியலாளர் பிரிட்ஸ் ஹேகர் கருவியை உடனே நிறுத்தினார். அதன்பின் அவர் செய்ததுதான் இந்நிகழ்வில் மிகவும் எண்ணிப் பார்க்கத்தக்கது. நிரலின் மூல வரிகள் அவர் கையில் இல்லை. நிறுவனத்தின் ஆய்வுக்கூடமும் இல்லை. அவரிடம் இருந்தவை ஓய்ந்து நிற்கும் கருவியும், நடந்ததை நினைவில் வைத்திருந்த ஒரு பெண்ணும்தாம். இருவரும் கருவியின் முன் அமர்ந்து அன்றைய செயல்களை மீண்டும் மீண்டும் செய்து பார்த்தனர். இறுதியில் செயற்பிழை 54ஐ விரும்பியபோதெல்லாம் வரவழைக்க அவர்களால் இயன்றது. அதன் திறவுகோல் எந்த எழுத்தைத் தட்டினார் என்பதில் இல்லை. எவ்வளவு விரைவாகத் தட்டினார் என்பதில் இருந்தது.

கற்றையை வளைக்கும் காந்தங்கள் தத்தம் நிலைக்கு வர ஏறத்தாழ 8 நொடி ஆகும். அந்த 8 நொடிக்குள் ஒருவர் மேலே சென்று எழுத்தைத் திருத்திக் கீழே வந்துவிட்டால், நிரலின் ஒரு பகுதி அத்திருத்தத்தை அறியும். மற்றொரு பகுதி அறியாது. திரையில் எலக்ட்ரான் என்றே இருக்கும். கருவியின் உள்ளே கற்றை எக்ஸ் கதிருக்குரிய பேராற்றலுடன் நிற்கும். அதனைத் தணிக்க வேண்டிய தகடு மட்டும் அவ்விடத்தில் இராது. நிறுவனப் பொறியாளர்கள் ஒவ்வொரு விவரத்தையும் நிதானமாகத் தட்டினர். 8 நொடி கடந்துவிட்டது, பிழையும் மறைந்துவிட்டது. ஹேகர் செய்தி தெரிவித்த பிறகும் நிறுவனத்தாரால் முதலில் அதனை வரவழைக்க இயலவில்லை. விரைவாகத் தட்ட வேண்டும் என்று சொல்லிய பின்னரே இயன்றது. நாள்தோறும் பல நோயாளிகளுக்காகத் தட்டித் தட்டிப் பழகிய கையின் திறமைதான் அப்பிழை வெளிப்படுவதற்குரிய நிபந்தனை. தேர்ச்சி குறைந்த ஒருவர் அன்று அமர்ந்திருந்தால் அந்நோயாளி உயிர் பிழைத்திருக்கக்கூடும்.

தெராக்-25 பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நிரலின் குறையையே விளக்குகின்றனர். அது பாதி உண்மை. 'இங்கு வரவில்லை' என்னும் விடையை 'இல்லை' என்னும் விடையாக எடுத்துக்கொண்டதே அதனினும் பெரிய குறை. டைலருக்கு முன்பே, 1985 ஜூலைத் திங்களில், கனடாவின் ஹாமில்டன் நகரில் இதே வகைக் கருவி ஒரு நோயாளிக்குத் தீங்கு விளைத்தது. அப்போதும் அந்நிகழ்வை நிறுவனத்தாரால் மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியவில்லை. எனினும் ஒரு சிறு மின்விசையின்மீது ஐயம் கொண்டு அதனை மாற்றியமைத்தனர். கருவியின் பாதுகாப்பு ஓர் இலட்சம் மடங்கு உயர்ந்துவிட்டதாகவும் அறிவித்தனர். காணாத நோய்க்குத் தந்த மருந்தின் பயனை எண்ணால் அளந்து கூறிய இச்செயலை எவ்வாறு ஏற்பது? நிகழ்த்திக் காட்ட முடியாத பிழையைத் திருத்திவிட்டதாகச் சொல்வதற்கு எவருக்கும் உரிமை இல்லை. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை இக்கருவியால் மிகையளவு கதிருக்கு ஆளானோர் அறுவர்.

பொறியாளர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. 'எதையும் தொடவில்லை, தானாக நின்றுவிட்டது' என்று வரும் முறையீடுகளுள் பல, பயன்படுத்துவோரின் தவறாகவே முடிவதை அவர்கள் அன்றாடம் காண்கின்றனர். ஒவ்வொரு முறையீட்டுக்கும் கருவியை நிறுத்தினால் சிகிச்சைக்குக் காத்திருப்போர் துன்புறுவர். ஆயினும் முறையிட்டவரைத் தம் அருகில் அமர்த்தி, 'அன்று செய்ததை அப்படியே செய்து காட்டுங்கள்' என்று கேட்பதற்கு ஒரு நாள் போதும்.

பார்த்தால் மறைவது

தொடரியல் பிழை, இயக்க நேரப் பிழை, தருக்கப் பிழை எனக் கணினிப் பாடநூல்கள் பிழைகளை வகுக்கின்றன. முதலாவதை நிரல்பெயர்ப்பியே சுட்டிக்காட்டிவிடும். ஏனைய இரண்டும்கூட, ஒரே உள்ளீட்டுக்கு ஒரே தவற்றைத் தருமாயின், நாணயமான பிழைகளே, பொறுமையுடையோர் கண்டுபிடித்துவிடுவர். காலத்தையும் வரிசையையும் சார்ந்து தோன்றும் பிழைதான் அறிஞரையும் அலைக்கழிப்பது.

1947 செப்டம்பர் 9ஆம் நாள் ஹார்வர்டு மார்க் 2 என்னும் கணிப்பொறியின் மின்னிணைப்பி ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியிருந்ததும், அதனை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்ததும் பலமுறை சொல்லப்பட்ட கதை. பிழையைப் பூச்சி என்னும் பொருள்பட 'பக்' என்று குறிக்கும் வழக்கம் அதற்கும் முற்பட்டது. 1878இலேயே எடிசன் தம் மடலில் அச்சொல்லை ஆண்டுள்ளார். அந்தக் கதை இனிமையானது; ஆனால் தவறான எண்ணத்தை விதைத்துவிட்டது. பெரும்பாலான பிழைகள் அப்பூச்சியைப் போல் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு காத்திருப்பதில்லை.

அவற்றைத் தேட நிரலாளர் கையாளும் கருவி பிழைநீக்கி. பெயர் பிழைநீக்கி ஆயினும் அது எப்பிழையையும் நீக்குவதில்லை, காட்டுவதற்கே உதவுகிறது. நிரலின் குறித்த இடத்தில் இருந்த கட்டளையை எடுத்துவிட்டு, 'இங்கு நில்' என்னும் கட்டளையை அது தற்காலிகமாக வைக்கிறது. நிரல் அவ்விடத்தை அடைந்ததும் உறைந்து நிற்கும். அப்போது மாறிகளின் மதிப்பைப் பார்க்கலாம். ஓரடி முன்வைத்து மீண்டும் பார்க்கலாம். ஓடும் நிரலை நிறுத்திப் பார்க்கும் இந்த ஆற்றலே அதன் வலிமை. அதுவே அதன் குறையும் ஆகும். இரண்டு செயல்கள் ஒன்றையொன்று முந்துவதால் விளையும் பிழை, ஒன்றை நிறுத்திவைத்ததும் தோன்றாமற்போகும். சில நிரல்பெயர்ப்பிகள், சோதனைக்குரிய பதிப்பை உருவாக்கும்போது மாறிகளின் நினைவிடங்களைக் குறித்த மதிப்புகளால் நிரப்பிவிடும். வெளியீட்டுப் பதிப்பிலோ அவ்விடங்களில் பழைய எச்சங்கள் கிடக்கும். ஒரு மாறிக்குத் தொடக்க மதிப்புத் தர மறந்த நிரல், அதனால் ஒரு பதிப்பில் நன்கு ஓடி மறுபதிப்பில் வீழும்.

உற்றுநோக்கும்போது மறையும் இத்தகைய பிழைக்கு, இயற்பியல் அறிஞர் ஹைசன்பர்க்கின் பெயரைத் தழுவி 'ஹைசன்பக்' என்று பெயரிட்டனர். 1985இல் ஜிம் கிரே தம் ஆய்வுக்கட்டுரையில் இச்சொல்லைக் கையாண்டார். விளையாட்டாகத் தோன்றும் அப்பெயர் ஒரு தெளிவைத் தருகிறது: மறைவதும் பிழையின் ஓர் அடையாளம். பிழைநீக்கியின்கீழ் வராத பிழை, நிறுத்தாமல் ஓடவிட்டால் வருமாயின், அது காலத்தோடோ நினைவகத்தோடோ தொடர்புடையது என்று ஐயுறலாம்.

செவ்வாயிலிருந்து வந்த தடயம்

1997 ஜூலை 4ஆம் நாள் மார்ஸ் பாத்ஃபைண்டர் என்னும் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாள்களில், வானிலைத் தரவுகளைத் திரட்டத் தொடங்கிய பின், அதன் கணினி தன்னைத்தானே மீண்டும் மீண்டும் தொடங்கிக்கொண்டது. அருகில் சென்று பார்க்க ஒருவரும் இல்லை. ஒரு கட்டளை போய்ச் சேரவே பத்து நிமிடம் ஆகும். ஆயினும் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தாரிடம் இரண்டு வாய்ப்புகள் இருந்தன. விண்கலத்தின் மறுபடி ஒன்று ஆய்வகத்தில் இருந்தது. நிகழ்வுகளை வரிசையாகப் பதிவுசெய்யும் வசதியும் நிரலுடனேயே விடப்பட்டிருந்தது; தேவையற்ற சுமை என்று அதனை எவரும் களையவில்லை. பதிவை இயக்கி, அதே சூழலை அமைத்து ஓடவிட்டுக் காத்திருந்தனர். ஒரு நாளைக்குள்ளாகவே பிழை அகப்பட்டது.

முதன்மை குறைந்த வானிலைப் பணி, பொதுவான வளம் ஒன்றைப் பூட்டி வைத்திருக்கும். முதன்மை மிக்க பணி அப்பூட்டுத் திறக்கக் காத்திருக்கும். இடையில், நடுத்தர முதன்மையுடைய நீண்ட பணி ஒன்று புகுந்து வானிலைப் பணியை நிறுத்திவிடும். எளியவர் நிற்பதால் பெரியவரும் நிற்க, நடுவிலிருப்பவர் மட்டும் ஓடுவார். முதன்மைப் பணி உரிய காலத்தில் முடியாததைக் கண்ட காவல் கடிகாரம் கணினியை மறுதொடக்கம் செய்துவிடும். பூட்டை வைத்திருக்கும் பணிக்கு, காத்திருப்பவரின் முதன்மையைத் தற்காலிகமாக வழங்கும் வசதி இயங்குதளத்திலேயே இருந்தது, இயக்கப்படாமல் கிடந்தது. அதனை இயக்கும் திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினர். மறுதொடக்கங்கள் நின்றன.

இவ்வெற்றியிலும் ஒரு கீறல் உண்டு. விண்கலம் புறப்படுவதற்கு முன் நடந்த சோதனைகளிலும் இத்தகைய மறுதொடக்கங்கள் தலைகாட்டியிருந்தன. மீண்டும் நிகழ்த்த முடியாமையாலும், தரையிறங்குவதற்குரிய நிரலில் கவனம் குவிந்திருந்தமையாலும் அவை ஒதுக்கப்பட்டன. அங்கும் அதே சொல்: 'இப்போது வரவில்லை.'

கணினி ஆய்வகத்தில் மாணவர் நிரல் எழுதும்போது விடை சரியாக வந்தால் மதிப்பெண் கிடைக்கிறது. பிழை வந்தால் அடுத்திருப்பவரின் நிரலோடு ஒப்பிட்டு, வேறுபடும் வரியை மாற்றிவிட்டு மேலே செல்வதே பெருவழக்கு. எதனால் பிழை வந்தது, எந்த உள்ளீட்டில் வந்தது, எதனை மாற்றியபோது போனது என்பவற்றைப் பதிவேட்டில் எழுதக் கேட்பவர் அரியர். பிழையைத் தேடிய வழியை எழுதும் பக்கத்துக்கும், சரியான வெளியீட்டை ஒட்டும் பக்கத்துக்கு இணையான மதிப்பெண் வழங்கினால் என்ன? பிழையே வராத நிரலை மனப்பாடம் செய்தவரைவிட, வந்த பிழையை இருமுறை வரவழைத்துக் காட்டியவரை மருத்துவக் கருவி செய்யும் நிறுவனம் நம்பலாம்.

மாணவர்களைப் பற்றிய ஒரு செய்தி டைலர் நிகழ்வோடும் தொடர்புடையது. தெராக்-20 என்பது முந்தைய கருவி. அதே பிழை அதன் நிரலிலும் இருந்தது. அக்கருவி ஒன்றைச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மாணவர் பயிற்சிக்குப் பயன்படுத்தினர். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும், புதிய மாணவர் வந்த வாரங்களில், அதன் மின்காப்பு இழைகள் வாரத்துக்கு மூன்று முறைகூட எரிந்துபோகும். பிறகு பல திங்கள் ஒன்றும் நேராது. இழையை மாற்றிவிட்டுப் பணியைத் தொடர்ந்தனர். டைலர்ச் செய்தியை அறிந்த பின்னரே, அங்கிருந்த இயற்பியலாளர் பிராங்க் போர்கர் அதனோடு இதனை இணைத்துப் பார்த்தார். கருவிக்குப் புதியவரான மாணவர்கள், எவரும் எதிர்பாராத வரிசையில் விவரங்களைத் தட்டியும் திருத்தியும் பழகுவர். அவ்வரிசைகளுள் சில அதே பிழையைத் தூண்டின. தெராக்-20இல் நிரலை நம்பாமல் தனியே பொருத்தப்பட்டிருந்த மின்காப்பு, ஒவ்வொரு முறையும் கற்றையைத் தடுத்துத் தான் எரிந்தது. தெராக்-25ஐ வடிவமைத்தபோது, நிரலே போதும் என்று கருதி அத்தகைய காப்புகளை நீக்கியிருந்தனர்.