எல்லாக் காய்ச்சலும் பல்லு முளைக்கிற காய்ச்சல் இல்லைங்க! ஒரு யூரின் டெஸ்ட்டுக்காக ஒரு திரெட்

1) "பல்லு முளைக்குது டாக்டர், அதான் காய்ச்சல்." "சூடு பிடிச்சிருக்கு." "கண்ணு பட்டிருச்சு." ஓபியில் உட்கார்ந்தா இந்த மூணையும் கேட்காத வாரமே இல்ல. இன்னைக்கு கொஞ்சம் கோபமாத்தான் எழுதறேன். வீட்டில் மூணு வயசுக்குள்ள குழந்தை இருந்தா முழுசாப் படிச்சிருங்க.

2) பல் முளைக்கும்போது ஈறு வீங்கும், ஜொள்ளு வடியும், உடம்பு லேசா கதகதன்னு இருக்கலாம். ஆனா 102 டிகிரி காய்ச்சல் பல்லால வராது. சளி, இருமல், வயித்துப்போக்கு எதுவும் இல்லாம காய்ச்சல் மட்டும் ஒரு நாளைத் தாண்டி அடிச்சா, சிறுநீர்த் தொற்று இருக்கான்னு பார்த்தே ஆகணும்.

3) இது அபூர்வமான நோய் இல்ல. காரணம் புரியாத காய்ச்சலோட வர்ற ரெண்டு வயசுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 20ல் ஒருத்தருக்கு இதுதான். பெரும்பாலும் காரணம் ஈ.கோலை, நம்ம குடலில் இருக்கிற பாக்டீரியா. காய்ச்சல்னாலே "டெங்கு இருக்கா, பிளேட்லெட் எவ்வளவு"ன்னு கேட்கிறோம். கேட்கட்டும், தப்பில்ல. யூரினை மட்டும் யாருமே கேட்கிறதில்ல.

4) பெரியவங்க "எரியுது"ன்னு சொல்லிடுவாங்க. ஒன்றரை வயசுக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. அது காட்டுறது இப்படி:
- காய்ச்சல் மட்டும்
- வாந்தி, சாப்பிட மறுக்கிறது, காரணமில்லாத சிணுங்கல்
- ஒன்னுக்குப் போகும்போது அழுகை, முக்குறது
- கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி போறது
- யூரின் கலங்கலா, ரத்தம் கலந்து, வழக்கத்தைவிட நாத்தமா இருக்கிறது
முதல் வரியை மறுபடி படிங்க. பல குழந்தைகளுக்கு அது ஒண்ணுதான் அறிகுறி.

5) கோபத்துக்குக் காரணம் சொல்றேன். சில வருஷம் முன்னாடி ஒரு பெண் குழந்தை, ரெண்டு வயசு. ஒரே வருஷத்தில் மூணு தடவை காய்ச்சல். ஒவ்வொரு தடவையும் "வைரல் ஃபீவர்"னு சீட்டு, ஒரு ஆன்டிபயாடிக் சிரப். யூரின் யாரும் பார்க்கல. நாலாவது தடவை பார்த்தோம், தொற்று. ஸ்கேனில் ஒரு பக்க கிட்னி சின்னதா இருந்துச்சு. பிறவியிலேயே அப்படியா, தொற்றால் வந்த தழும்பான்னு இனி உறுதியா சொல்ல முடியாது. முதல் தடவையே பார்த்திருந்தா சொல்லியிருக்கலாம், ஒருவேளை தடுத்தும் இருக்கலாம். அந்த மூணு சீட்டில் ஒண்ணு நான் எழுதினது.

6) அதனால முதல் திட்டு எனக்கும் என் சக டாக்டர்களுக்கும். ஓபியில் 200 பேர் நிக்கிறாங்க, உண்மைதான். அதுக்காக காரணம் தெரியாத காய்ச்சலுக்கு "எதுக்கும் இருக்கட்டும்"னு ஆன்டிபயாடிக் எழுதறது வைத்தியம் இல்ல. அரைகுறை மருந்து கல்ச்சரைக் கெடுத்துடும், நோயை மறைச்சுடும்.

7) ரெண்டாவது திட்டு, சீட்டு இல்லாம சிரப் குடுக்கிற மெடிக்கல்காரங்களுக்கு. மூணாவது, போன மாச மிச்ச சிரப்பை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஊத்துற நமக்கு.

8) "குழந்தைகிட்ட யூரின் எப்படிப் பிடிக்கிறது?" நியாயமான கேள்வி. தண்ணியால கழுவித் துடைச்சு, நிறைய தாய்ப்பாலோ தண்ணியோ குடுத்து, லேபில் தர்ற டப்பாவோட காத்திருங்க. முதல் சொட்டுகளை விட்டுட்டு நடுவில் வர்றதைப் பிடிங்க. உடனே லேபில் குடுங்க. டயப்பரைப் பிழிஞ்சு கொண்டு வராதீங்க. ஒட்டுற பையில் பிடிச்சது கல்ச்சருக்கு ஆகாது, தோலில் இருக்கிற கிருமி கலந்துடும். முடியலைன்னா டியூப் வெச்சு நாங்க எடுப்போம், பயப்படாதீங்க. எல்லாமே முதல் டோஸ் ஆன்டிபயாடிக்குக்கு முன்னாடி.

9) தொற்றுன்னு தெரிஞ்சா பெரும்பாலான குழந்தைகளுக்கு வாய்வழி மருந்தே போதும், வழக்கமா 7 முதல் 10 நாள். ரெண்டு நாளில் காய்ச்சல் விட்டதும் நிறுத்திடாதீங்க. டாக்டர் ஸ்கேன் எழுதினா "காசு பிடுங்கறான்"னு நினைக்காதீங்க. சில குழந்தைகளுக்குச் சிறுநீர் பையிலிருந்து கிட்னிக்கே திரும்பி ஏறும். அதைக் கவனிக்காம விட்டா கிட்னியில் தழும்பு, பின்னாளில் பிபி, கிட்னி கோளாறு.

10) மலச்சிக்கலைச் சரி பண்ணுங்க, அதுவும் இந்தத் தொற்றுக்கு ஒரு காரணம். பெண் குழந்தைக்கு முன்னாலிருந்து பின்னால் கழுவுங்க. ஆண் குழந்தைக்கு முன்தோலை இழுத்து விடாதீங்க, அது தானா விலகும்.

11) மூணு மாசத்துக்குள்ள எந்தக் காய்ச்சலும், துவண்டு கிடக்கிறது, எல்லாத்தையும் வாந்தி எடுக்கிறது, யூரினே போகாம இருக்கிறது: உடனே ஆஸ்பத்திரி. காலைல பார்த்துக்கலாம்னு விடாதீங்க.

12) மத்தபடி ஒரே ஒரு கேள்வியை மனப்பாடம் பண்ணிக்கோங்க: "டாக்டர், யூரின் பார்த்துடலாமா?" அரசு ஆஸ்பத்திரியில் இந்த டெஸ்ட் இலவசம். நான் கோச்சுக்க மாட்டேன். கோச்சுக்கிற டாக்டர்கிட்டயும் கேளுங்க.