கழுத்தில் சொடக்கு எடுத்தால் மூச்சு சீராகுமா?

கீழக்குயில்குடி சமணர் மலையில் பேச்சிப்பள்ளம் வரை படியேறினால் நல்ல உடம்புக்காரருக்கே கொஞ்சம் மூச்சு வாங்கும். ஆஸ்துமா இருப்பவருக்குக் கேட்கவே வேண்டாம். அவரிடம், "கழுத்துல ஒரு சொடக்கு எடுத்து விடச் சொல்லுங்க, மூச்சு லேசாயிடும்" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. முடி வெட்டிய கையோடு சலூனில் கழுத்தை 'டக்'கென்று திருப்பி விடுவதும் நடக்கிறது.

இதில் உண்மை இருக்கிறதா? பாதி இருக்கிறது. அந்தப் பாதிதான் ஆபத்து!

மூச்சை இழுக்கும் முக்கியத் தசை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம். அதை இயக்கும் நரம்பு கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5-வது நரம்பு வேர்களிலிருந்து கிளம்புகிறது. கழுத்தின் பக்கத் தசைகளும் மேல் விலா எலும்புகளைத் தூக்கி மூச்சுக்கு உதவுகின்றன. இறுகிய தசையை இதமாகப் பிடித்துவிட்டால் மூச்சு லேசானதுபோல் தோன்றலாம்.

ஆனால் ஆஸ்துமாவில் கோளாறு கழுத்தில் இல்லை. மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்குவதுதான் நோய். கழுத்தைத் திருகினால் அந்த வீக்கம் எப்படி வற்றும்?

கனடாவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஆஸ்துமா உள்ள 91 குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பிரிவுக்கு முதுகெலும்பைச் சொடுக்கும் கைரோபிராக்டிக் சிகிச்சை, மறு பிரிவுக்கு அதே மாதிரி ஒரு பாவனை. வழக்கமான மருந்தும் தொடர்ந்தது. 1998-ல் முடிவு வெளியானது. இரண்டு பிரிவிலுமே தொந்தரவு குறைந்திருந்தது. நுரையீரல் அளவிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதாவது, நிஜச் சொடக்கும் பொய்ச் சொடக்கும் ஒன்றுதான்.

நன்மைதான் இல்லை, தீமையாவது இல்லாமல் இருக்கிறதா? 2017-ல் டெல்லியைச் சேர்ந்த ஒருவர் சலூனில் கழுத்தைச் சொடுக்கிய பிறகு மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்கு வந்தார். உதரவிதான நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தன. செயற்கைச் சுவாசக் கருவியின் உதவி தேவைப்பட்டது. இப்படி நடப்பது மிக அபூர்வம். ஆனால் பத்து நொடி சுகத்துக்காக இவ்வளவு பெரிய பந்தயம் வேண்டுமா?

சலூன்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "அப்படியே ஒரு சொடக்கு" என்று கேட்பது பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்தான்.

இதைவிடப் பெரிய நஷ்டம், மூச்சு லேசான மாதிரி இருக்கிறதே என்று இன்ஹேலரை ஓரமாக வைத்துவிடுவது. குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். மதுரையை அடுத்த தோப்பூரில் நெஞ்சக நோய்களுக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. மூச்சு வாங்குபவர்கள் கழுத்தைக் கொடுக்காமல், அங்கே போய் ஊதிப் பார்க்கட்டும்.