வாடகைக் கேமரா: லாபமா, நட்டமா?

பெரிய வீடியோ கேமராவை வாடகைக்கு எடுத்துவிட்டால் படம் தானாக நன்றாக வந்துவிடும் என்று நினைப்பவரா நீங்கள்? போன மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஒப்பந்த வேலை பார்க்கும் பெண்களைப் பற்றிப் பத்து நிமிட ஆவணப்படம் எடுப்பது எங்கள் புராஜெக்ட். 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றுபோன பகுதி அது. கதைக்குப் பஞ்சமில்லை. நால்வரும் பணம் போட்டு, சென்னையில் சோனி இசட்150 கேமராவை ஒரு நாளுக்கு எடுத்தோம்.

நிறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 12 மடங்கு ஆப்டிகல் ஜூம் இருப்பதால், சாலையின் இந்தப் பக்கம் நின்றே எதிரில் வரும் ஷிப்ட் பஸ்களை எடுக்க முடிந்தது. என்டி ஃபில்டர் உள்ளேயே இருக்கிறது. உச்சி வெயிலிலும் வானம் வெளுக்கவில்லை. எல்லாவற்றையும்விட ஒலி! எக்ஸ்எல்ஆரில் கன் மைக்கைச் செருகியதும், கன்டெய்னர் லாரி இரைச்சலுக்கு நடுவிலும் பேச்சு தெளிவாகக் கேட்டது. போனில் இது நடக்காது.

இனி குறைகள். 4கே-யில் 100 எம்பிபிஎஸ் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. என் லேப்டாப் அழுதது. முன்பு எடுத்தவர் 60 ஹெர்ட்ஸில் விட்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த காட்சியெல்லாம் துடித்தது. வாடகைப் பொருளில் கைப்பழக்கம் வருவதற்குள் நாள் முடிந்துவிடுகிறது.

ஆனால் பெரிய நட்டம் வேறு. போனில் சம்மதம் சொன்ன அக்கா ஒருவர், டிரைபாடில் கேமராவைப் பார்த்ததும், "தம்பி, இது டிவில வருமா?" என்றார். இல்லை என்றோம். துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு, எது கேட்டாலும் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். எல்லாவற்றையும் மூட்டை கட்டியபிறகு டீக்கடையில் அரை மணி நேரம் பேசினார். எப்போது வேண்டுமானாலும் நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்களாம். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டுமே என்றார். அதுதான் எங்கள் படம். இரவு 9 மணிக்குள் கேமராவைத் திருப்ப வேண்டும் என்பதால் எழுந்து வந்தோம்.

"போனில் சத்தமில்லாமல் எடுத்திருக்கலாமே" என்றான் நண்பன். எனக்கு உடன்பாடில்லை. பெரிய கேமரா மிரட்டினாலும் ஒளிந்துகொள்வதில்லை. எடுக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிகிறது, மறுக்கவும் முடிகிறது. வேலை போனால் அவருக்குத்தான், நமக்கில்லையே?

என் முடிவு இதுதான். பணம் குறைவென்றால் நல்ல மைக்கை வாடகைக்கு எடுங்கள், படத்துக்குப் போன் போதும். பெரிய கேமராவைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு முறை வெறுங்கையோடு போய்ப் பேசுங்கள்.

வரும் ஞாயிறு அதே டீக்கடைக்குப் போகிறோம், கேமரா இல்லாமல்.