பழைய எஞ்சினுக்கு எந்த எண்ணெய்?

எம் அயலவர் ஒருவரிடம் 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் கார் ஒன்று உண்டு. தந்தையார் வாங்கியது. 1990களில் பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்திலும் அது ஓடிற்று. கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த மகன், மிகுந்த விலை கொடுத்துச் செயற்கை எண்ணெய் வாங்கி அதற்கு ஊற்றினார். ஒரு கிழமைக்குள் முற்றத்து மணலில் கரிய வட்டம் விழுந்தது.

"பிள்ளை ஆசையாய்ச் செய்தது, என்னவென்று குறை சொல்ல?" என்று அயலவர் எம்மிடம் வருந்தினார்.

செயற்கை எண்ணெய் பழைய எஞ்சினைக் கெடுக்கும் என்பது ஊர்ப்பேச்சு. அது முழு உண்மையன்று. பிழை பெரும்பாலும் எண்ணெயின் இனத்தில் அன்று, தடிப்பிலேயே உள்ளது. தகரத்தில் 20W-50 என்றிருப்பின், முன்னெண் குளிரில் எண்ணெய் ஓடுந்தன்மையையும் பின்னெண் சூடேறியபின் அதன் தடிப்பையும் குறிக்கும். மகன் வாங்கியதோ 5W-30. உறைபனியில் எஞ்சினை எளிதிற் கிளப்புவதே மெல்லிய எண்ணெயின் தனிச்சிறப்பு. எம் வெயிலுக்கு அதனாற் பயன் சிறிது.

மேலும், மொரிஸ் மைனர் எஞ்சினின் பின்புறத்தில் எண்ணெயை அடைக்கும் ரப்பர் வளையமே இல்லை. எண்ணெயைத் திருப்பியனுப்பும் திருகுபள்ளம் மட்டுமே உண்டு. தேய்ந்த எஞ்சினில் மெல்லிய எண்ணெய் அவ்வழியே கசிதல் இயல்பு. நெடுநாட் கசடே சில கசிவுகளை அடைத்து வைத்திருத்தலும் உண்டு. புதிய எண்ணெய் அதனைக் கழுவ, மறைந்திருந்த கசிவு வெளிப்படும்.

வேறொன்றும் கவனிக்கற்பாலது. இவ்வகை எஞ்சின்களின் வால்வுகளை இயக்கும் உறுப்புகள் ஒன்றோடொன்று நேரே உராய்வன. அவற்றைக் காப்பது எண்ணெயிற் கலந்த துத்தநாகச் சேர்வை. புதுக் கார்களின் புகைக்குழாயிலுள்ள தூய்மையாக்கியைக் கெடுக்காதிருக்க, தற்கால எண்ணெய்கள் பலவற்றில் அது குறைக்கப்பட்டுள்ளது. ஆகவே பழைய எஞ்சின்களுக்கென்றே செய்த எண்ணெயைக் கேட்டு வாங்குதல் நன்று.

கசிவில்லாத, உட்புறம் துப்புரவான எஞ்சினுக்கு, உரிய தடிப்புள்ள செயற்கை எண்ணெயும் தீங்கு செய்யாது. கசியும் எஞ்சினுக்கு அதனை ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் பால் வார்ப்பதே. அதற்குச் சாதாரண 20W-50 எண்ணெயைத் தவணை தவறாது மாற்றி, கிழமைக்கொருமுறை அளவுகோலைப் பார்த்து வந்தாற் போதும்.

இதனைத் தந்தை, மகன் இருவரையும் வைத்தே சொன்னோம். அடுத்த ஞாயிறு காலை மகனே காரின் கீழ்ப் படுத்து எண்ணெயை மாற்றினார். தந்தையார் சாவிகளை எடுத்துக் கொடுத்தபடி அருகில் நின்றார்.