பாட்டி சுவரிடம் பேசினாள்... கும்மிடிப்பூண்டிக்கு ஏன் ஒரு கதை மேடை வேண்டும்?

ஒரு பாட்டி. இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். நாலு பேரும் மாறி மாறித் திட்டுகிறார்கள். யாரிடமும் சொல்லி அழ முடியாமல் பாட்டியின் உடம்பு ஊதிக்கொண்டே போகிறது. அதற்கும் கேலி. ஒருநாள் பாழடைந்த வீடு ஒன்றுக்குள் போய், ஒரு சுவரைப் பார்த்து மூத்த மகனைப் பற்றிக் கொட்டித் தீர்க்கிறாள். சுவர் இடிந்து விழுகிறது. உடம்பு கொஞ்சம் இளைக்கிறது. அடுத்த சுவரிடம் மருமகள் கதை. இப்படியே நாலு சுவரும் விழ, பாட்டி லேசாகி வீடு திரும்புகிறாள்.

தமிழில் வழங்கிவந்த இந்தக் கதையை ஏ.கே.ராமானுஜன் 1991-ல் வெளியான தன் இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் சேர்த்திருக்கிறார். இதை நாடகமாகப் போட என்ன வேணும்? சுவராக நிற்க நாலு பிள்ளைகள், பாட்டியாக ஒருவர். செட் வேண்டாம், மைக்கும் வேண்டாம். ஒத்திகையில், 'இந்தப் பாட்டி இன்னும் என்னவெல்லாம் சொல்லுவா?' என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் வாயே திறக்காத பத்தாம் வகுப்புப் பிள்ளை பேச ஆரம்பிக்கும். பேசுவது பாட்டிதானே, அதனால் பயமில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாவுக்குப் புரியவேண்டியது புரிந்துவிடும். 'உன் சொந்தப் பிரச்சினையைச் சொல்லு' என்று நேராகக் கேட்டால் எல்லாமே கெட்டுப்போகும்.

சரி, கும்மிடிப்பூண்டிக்கு இது ஏன்?

சிப்காட் ஷிப்ட்தான் இங்கே பல வீடுகளின் கடிகாரம். அப்பா வரும்போது பிள்ளை தூங்குகிறது. பிள்ளை பள்ளிக்குப் போகும்போது அப்பா தூங்குகிறார். கதை சொன்ன பாட்டி சொந்த ஊரிலேயே இருக்கிறார். ஊர் முழுக்கப் பல மொழிகள் வேறு: தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா. இலங்கைத் தமிழர் முகாமில் இன்னொரு தமிழ். ஏழு கடல் தாண்டி கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த அரக்கன் கதையை இவர்களில் பலரும் ஏதாவதொரு வடிவத்தில் கேட்டிருப்பார்கள். மொழி தடையாகுமே என்றால், தெருக்கூத்தில் கட்டியங்காரன் எதற்கு இருக்கிறான்? ராஜா பேசியதைப் பேச்சு வழக்கில் உடைத்துச் சொல்வது அவன் வேலை. இங்கே அவன் தெலுங்கிலும் இந்தியிலும் சொல்லட்டுமே!

முன்மாதிரிகள் இருக்கின்றன. புதுச்சேரியில் வேலு சரவணன் 'கடல் பூதம்' போன்ற நாடகங்களைக் குழந்தைகளிடம் கொண்டுபோனார். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் நடத்திய குருகுலத்தில், 2002 முதல் 2020 வரை பிள்ளைகள் பாடமும் கூத்தும் சேர்த்தே படித்தார்கள். ஆண்களே ஆடிவந்த கூத்தைப் பெண் பிள்ளைகளும் ஆடினார்கள். இலங்கையில் பேராசிரியர் மௌனகுருவின் 'தப்பி வந்த தாடி ஆடு' சிறுவர் நாடகம் பலருக்குத் தெரிந்த பெயர்.

அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறதே என்பீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அது போட்டி. கூச்சப்படுகிற பிள்ளை முதல் சுற்றிலேயே கைதட்டும் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துவிடும். பெற்றோருக்கும் பார்வையாளர் நாற்காலிதான். சென்னையில் வார இறுதிப் பயிலரங்குகள் உண்டு. கட்டணத்தோடு லோக்கல் ட்ரெயின் பயண நேரத்தையும் கூட்டிப் பாருங்கள்.

பணம்? கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-ன்படி, ஓராண்டில் 5 கோடி ரூபாய் நிகர லாபம் பார்த்த நிறுவனமும் சமூகப் பொறுப்புச் செலவு செய்தாக வேண்டும். முந்தைய மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம். அனுமதிக்கப்பட்ட செலவுப் பட்டியலில் பாரம்பரியக் கலை வளர்ச்சியும் இருக்கிறது. சிப்காட்டில் இந்த வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் மரக்கன்று, நோட்டுப் புத்தகத்தோடு இதையும் சேர்க்கலாம். கூத்துக் கலைஞர்களுக்குத் திருவிழா இல்லாத மாதங்களில் சம்பளமும் கிடைக்கும். பொன்னாடை போர்த்தி அனுப்புகிற கதை வேண்டாம்.

மாதம் ஒரு ஞாயிறு, அரசுப் பள்ளி மைதானம், மாலை 5 மணி என்று தொடங்கலாம். நைட் ஷிப்ட்காரர் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பலாம். மதிய ஷிப்டில் மாட்டிக்கொண்டவருக்காக அடுத்த மாதம் காலை 10 மணிக்கு வைத்துக்கொள்ளலாம்.